தெருவில் ஒரு கொலா

கல்யாணத்துக்குக் கிளம்பிய மாப்பிள்ளை, பெயிண்ட் காயாத பூங்கா பெஞ்சில் உட்கார்ந்து அதோடு ஒட்டிக்கொள்கிறார். பெஞ்சையும் சுமந்தபடியே மேடை ஏறுகிறார். வந்திருப்பவர்களில் ஒருவர்கூட ஏன், ‘உங்க பின்னாடி பெஞ்ச் இருக்கு’ என்று சொல்லவில்லை? ஊமைப் படம் ஒன்றைப் பார்த்துவிட்டு ஐந்து வயது மகள் கேட்ட கேள்வி இது. “மரியாதைக்காக இருக்கும்” என்று சொல்லி வைத்தேன். அப்படிச் சொன்னது தப்போ, இனி யார் முதுகில் எது ஒட்டியிருந்தாலும் இவள் வாயே திறக்கமாட்டாளோ என்று அன்று முழுக்கக் கவலைப்பட்டேன்.

நாங்கள் இருப்பது கொல்கத்தாவின் நியூ டவுனில், பதினான்காம் மாடியில். பள்ளியிலும் லிஃப்டிலும் கீழே விளையாடும் இடத்திலும் அவளுக்கு வங்காளம்தான். என்னிடம் தமிழில் ‘வேணாம்’, ‘முடியாது’ என்பாள்; அதோடு சரி. பழைய ஊமைக் குறும்படங்களை நான் போட ஆரம்பித்தது அதனால்தான். பேச்சே இல்லாத படத்துக்குத் தமிழில் நாமே கதை சொல்லலாமே! சொன்னேன். அந்தக் கதைகளில் துளியும் நியாயம் கிடையாது என்பதால் அவள் தமிழிலேயே சண்டைக்கு வந்தாள்.

“தொப்பிக்குள்ள வாத்து இருக்கறது அவருக்கே தெரியாதாம்மா? கனமா இருக்காதா?”

அவ்வளவு நீளமான தமிழ் அவள் வாயில் அதுவரை வந்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை தென்காசியிலிருந்து மாமியார் வீடியோ காலில் வந்தார். எப்போதும் கேட்பதையே கேட்டார்: “புள்ள தமிழ் பேசுதாளா?” பெருமையோடு போனை மகளிடம் நீட்டினேன். முந்தைய நாள் பார்த்த படத்தை அவளே சொல்லத் தொடங்கினாள். திருடன் தெருவில் வாழைப்பழத்தோலைப் போட, துரத்தி வரும் போலீஸ்காரர் வழுக்கி விழும் படம். வாழைப்பழத்துக்கு வங்காளத்தில் ‘கொலா’. அவளுக்குத் தெரிந்த பெயரும் அதுதான்.

“ஆச்சி, தெருவுல கொலா! ஒரு மாமா போட்டுட்டார். போலீஸ் விழுந்துட்டார். அம்மா சிரிச்சா!”

“கொலையா? போலீஸையே போட்டுட்டானா? அதுக்கு உங்கம்மா சிரிச்சாளா?”

“ரொம்ப சிரிச்சா. நாளைக்கும் கொலா காட்டுவா.”

போனைப் பிடுங்கினேன். “அத்தை, கொலான்னா வாழைப்பழம். பெங்காலி.”

“வாழப்பழத்துக்கு எதுக்குளா போலீஸ் வருது?”

சோபாவில் என் கணவர் தலையணையில் முகம் புதைத்துக் குலுங்கிக்கொண்டிருந்தார். உதவிக்கு வரவில்லை.

“பச்சப் புள்ளைக்கு இந்தப் படமெல்லாம் இனி காட்டாத” என்றார் அத்தை.

“சரி அத்தை.”

சொன்னபடி நிறுத்திவிட்டேன். இப்போது மகள் வங்காளக் கார்ட்டூன் பார்க்கிறாள். அதில் எல்லாரும் ஒழுங்காக நடந்துகொள்கிறார்கள்; அவளுக்குக் கேட்க ஒன்றுமே இல்லை. தமிழ் பழையபடி ‘வேணாம்’, ‘முடியாது’ என்று சுருங்கிவிட்டது. அடுத்த மாதம் துர்கா பூஜைக்கு அத்தை வருகிறார், பேத்தியோடு வாய் நிறையப் பேசவேண்டும் என்று.

வெளியூரில் பிள்ளை வளர்ப்பவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள். அத்தைக்குத் தெரியாமல் படங்களை மறுபடி போட்டுவிடலாமா? இல்லை, அவர் வந்ததும் அவரையும் பக்கத்தில் உட்காரவைத்தே போடலாமா? அப்படியானால் எந்தப் படத்தில் தொடங்குவது?