தீர்த்தத்தில் கரையாத மை தேடி ரெட்டியார்பாளையத்தில் இறங்கினேன்

அப்பா இறந்தபின் வரும் முதல் கல்லறைத் திருநாள், நவம்பர் இரண்டு. பெயர் செதுக்கிய கல் இன்னும் தயாராகவில்லை, மரச்சிலுவையில் படம்தான் ஒட்ட வேண்டும். முப்பதாம் நாள் பூசைக்கு நான் வீட்டுப் பிரிண்டரில் எடுத்த கலர் படத்தின்மேல் சாமியார் தீர்த்தம் தெளித்ததும் முகமே நீலமாக வழிந்தது. அம்மா அழுததை இன்னொரு தடவை பார்க்க என்னால் ஆகாது. எனவே நவம்பர் முதல் தேதி காலை எட்டு மணிக்கு விழுப்புரத்தில் புதுச்சேரி பஸ் ஏறினேன். மடியில் பிரிண்டர், பையில் தண்ணீருக்கு அசையாத பிக்மென்ட் மை ஒரு பாட்டில்.

"இன்னா சார், டிவியா?" என்றார் கண்டக்டர். பிரிண்டர் என்றேன். "கீழ வைங்க, மடியில வெச்சிகினு எதுக்கு?" வைக்கவில்லை. ஒன்றேகால் மணி நேரத்தில் ரெட்டியார்பாளையம் வந்தது.

அங்கே கார்ட்ரிட்ஜில் மை நிரப்பும் கடையில் ஓர் அக்கா இருந்தார். கலர் கார்ட்ரிட்ஜில் இதை ஊற்றித் தாருங்கள் என்றேன்.

"ஊத்துனா அடைச்சிக்கும். சாய மை கேசரிப் பவுடர் கரைச்ச தண்ணி மாதிரி, கார்ட்ரிட்ஜுக்குள்ள இருக்கிற பஞ்சுல தானா இறங்கிடும். இது கேவுரு மாவு கரைச்சது. கீழ தங்கும், பஞ்சு புடிச்சிக்கும். இதுக்குன்னு பஞ்சே இல்லாம, உள்ள பை வெச்ச கார்ட்ரிட்ஜ்லாம் செய்றாங்க."

"என் கறுப்பு கார்ட்ரிட்ஜிலும் பஞ்சுதானே இருக்கு? அதில் இருப்பது பிக்மென்ட் என்று போட்டிருக்கே?"

"அது வேற பஞ்சு, கண்ணு பெருசு. முழுசா கேட்டீங்கன்னா எனக்கும் தெரியாது."

எனக்குத் தலை சுற்றியது. சரி, கறுப்பு மட்டும் போதும் என்று போட்டோ பேப்பரில் கறுப்பு வெள்ளையாக அடித்தோம். அக்கா தண்ணீர் தெளித்தார். ஊதா நிறத்தில் வழிந்தது! இருவரும் பிரிண்டரையே பார்த்துக்கொண்டு நின்றோம். பிரிண்டர் செட்டிங்கில் போட்டோ பேப்பர் என்று சொன்னால் அது மூன்று கலரையும் கலந்தே கறுப்பு காட்டுகிறதோ என்று அக்காவுக்குச் சந்தேகம். செட்டிங்கைச் சாதா பேப்பர் என்று மாற்றி, சாதா பேப்பரிலேயே அடித்தோம். இந்தத் தடவை தண்ணீர் உருண்டு விழுந்தது, அப்பா அப்படியே இருந்தார்.

முதலியார்பேட்டையில் அம்மா வீட்டுக்கு ஆட்டோ நூற்றைம்பது ரூபாய். படத்தைப் பார்த்த அம்மா, "கலரு இல்லியா? அவரு கலராதானடா இருந்தாரு" என்றார்.

இதே வேலையாகப் போகிறவர்களுக்கு: கல்லறைத் திருநாளுக்கு முந்தின நாளே போய்விடுங்கள், அன்று கடை திறந்திருக்காது. பாட்டிலை நம்பாதீர்கள், உங்கள் கார்ட்ரிட்ஜ் எந்த மைக்கானது என்று முதலில் கேளுங்கள். அடித்த படத்தில் வீட்டிலேயே தண்ணீர் தெளித்துப் பாருங்கள். பஞ்சு விஷயம் எனக்கு இன்னமும் புரியவில்லை.

மறுநாள் கல்லறையில் சாமியார் கை தாராளம். படம் நன்றாக நனைந்தது. அம்மா முந்தானையால் அப்பாவின் முகத்தை ஒற்றி எடுத்து, அந்த வெள்ளைத் துணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு பொட்டுக்கூட ஒட்டவில்லை.

"இந்த வாட்டி போவல" என்றார்.