பூட்ஸ் பலகைக்கு வைத்த பொட்டு

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாக பூட்ஸ் போட்டவர் சித்தப்பா. தறியை விட்டுவிட்டுப் போலீஸ் வேலைக்குப் போனார். அன்றிலிருந்து அப்பா அவரோடு பேசுவதில்லை. ஒரே வீட்டில்தான் இருந்தோம். "அவனைச் சாப்பிடச் சொல்லு" என்று என்னிடம்தான் சொல்வார்.

சித்தப்பாவுக்குக் கிடைத்த பூட்ஸ் ஓர் அளவு சிறியது. நாளெல்லாம் கோயில் கூட்டத்தில் நின்றுவிட்டு வந்தால் கால் வீங்கி, கழலாது. வாசற்படியில் உட்கார்ந்து காலை நீட்டுவார். நான் அவருக்கு முதுகைக் காட்டி, பூட்ஸைத் தொடைகளுக்கு நடுவே பிடித்து இழுப்பேன். அவர் மறுகாலால் என் பின்பக்கத்தில் உதைத்துத் தள்ளுவார். பூட்ஸ் கழலும்போது நான் தெருவில் குப்புற விழுவேன்.

"டேய், குதிரை வுழுந்துச்சுடா!"

எதிர்வீட்டுப் பிள்ளைகள் தினமும் இதற்காகவே காத்திருந்தார்கள். நான் மண்ணைத் தட்டிக்கொண்டு உள்ளே ஓடுவேன்.

ஒருநாள் பழைய தறியின் பலகைத் துண்டு ஒன்றை எடுத்து, ஒரு முனையில் குதிகால் நுழையும்படி கவட்டை போல வெட்டினேன். அந்த முனை தூக்கி நிற்க அடியில் ஒரு கட்டை வைத்து ஆணியடித்தேன். மாலையில் சித்தப்பா ஒரு காலால் பலகையை மிதித்து, மறுகாலின் குதியைக் கவட்டையில் மாட்டி இழுத்தார். பொளக்கென்று கழன்றது.

"அண்ணி, உங்க புள்ள இன்னா செஞ்சிக்கிறான் பாருங்க!"

எதிர்வீட்டுப் பிள்ளைகள் ஒவ்வொருவராக உள்ளே போனார்கள். நான் நின்றுகொண்டிருந்தேன், விழாமல்!

சத்தம் கேட்டு வந்தது அப்பா. தறிப் பக்கம் செருப்பு வந்தாலே பொறுக்காதவர். தறிப் பலகையில் பூட்ஸ்! பலகையைப் புரட்டிப் பார்த்தார். எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். அடுப்புக்குத்தான் போகிறது, நாளை முதல் நான் மறுபடியும் குதிரை என்று நினைத்தேன்.

மறுநாள் ஆயுத பூஜை. நூல் ஓட்டும் நாடா, கத்தரி, சுத்தியல் என்று வரிசையாக வைத்திருந்த சாமான்களின் கடைசியில், கழுவித் துடைத்த என் பலகை இருந்தது. கோணலாக அடித்த ஆணி நேராகியிருந்தது. அப்பா அதற்கும் சந்தனம் குழைத்துப் பொட்டு வைத்தார்.

"இன்னாங்க, பூட்ஸ் கழட்டற கட்டைக்குமா?" என்றாள் அம்மா.

"அதுவும் வேலைக்குப் போறவன் சாமான்தானே" என்றவர், சித்தப்பா பக்கம் திரும்பினார். "கால் வீங்குனா வெந்நீர்ல வையிடா."

சித்தப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார். கற்பூரப் புகை என்று நினைத்தேன். என் பலகைக்கு அப்பாவே பொட்டு வைத்துவிட்டார் என்று சொல்ல எதிர்வீட்டுக்கு ஓடினேன்.