வெள்ளைப் பாயில் ஒரு முகம்

போன ஞாயிறு காலை, திருநின்றவூர் ஏரியில் ஒரு பெண்மணி எங்கள் படகை நோக்கித் தண்ணீருக்குள் நடந்து வந்தார். முழங்கால், இடுப்பு, மார்பு... நிற்கவே இல்லை.

உனக்கேதுய்யா படகு என்று கேட்பீர்கள். முகப்பேரில் என் பக்கத்து ஃப்ளாட் செந்தில் கட்டியது. ஐ.டி. ஆசாமி. பழைய காலத்து பிளான் ஒன்றை வைத்துக்கொண்டு, பிளைவுட் பலகைகளைச் செம்புக் கம்பியால் தைத்து, இடுக்கெல்லாம் பசை பூசி, கார் பார்க்கிங்கிலேயே ஆறு மாதம் உழைத்தான். அசோசியேஷன்காரர்கள் திட்டியது தனிக்கதை. காற்றுக்கு விரிக்கும் பாய்க்குத்தான் சரியான துணி அமையவில்லை. காயலான் கடையிலிருந்து ஒரு ஃப்ளெக்ஸ் பேனரை வாங்கி வந்து வெட்டி, அச்சடித்த பக்கத்தில் வெள்ளை பெயின்ட் அடித்துவிட்டான். ஏதோ கட்சிப் பேனர் என்று நானும் கேட்காமல் விட்டேன்.

வெயில் எங்கள் முதுகில். காற்றும் அதே பக்கமிருந்துதான். படகு மேற்குக் கரையை நோக்கி ஜோராகப் போனது. அப்போதுதான் அவரைப் பார்த்தோம். ஐம்பது வயதிருக்கும். நெற்றியில் பெரிய குங்குமம். எங்களை அவர் பார்க்கவேயில்லை — பாயையே பார்த்துக்கொண்டு வந்தார். முகத்தில் சிரிப்பு வேறு.

“ஆழம்மா, திரும்பிப் போங்க!” என்று கத்தினேன். காதில் விழுந்ததாகவே தெரியவில்லை. கரையிலிருந்து லுங்கி கட்டிய ஒருவர் குதித்து, கழுத்தளவு தண்ணீரில் அவரைப் பிடித்து இழுத்துப்போனார். கொழுந்தனாராம்.

நாங்களும் கரை சேர்ந்தோம். “இன்னா சார் இது?” என்று பாயைக் காட்டினார் அந்தக் கொழுந்தனார்.

திரும்பிப் பார்த்தேன். எதிர்வெயிலில், வெள்ளை பெயின்டுக்குள்ளிருந்து ஓர் ஆள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். மீசை, விபூதி, லேசான சிரிப்பு.

“எங்க அண்ணன் சார். ரெண்டு வருசம் முன்னாடி ஏரிக்கு வந்தாரு, திரும்பல. செருப்பு மட்டும் கெடச்சுது. நாங்க கண்ணீர் அஞ்சலி பேனர் வச்சோம். செத்தத யாரு பாத்தான்னு அண்ணி சண்ட போட்டு, அவுத்துகினு போயி காயலான் கடையில போட்டுடுச்சி. இன்னும் காத்துகினு கீது.”

செந்தில் பாயை இறக்கப் போனான்.

“எறக்காத தம்பி,” என்றார் அந்த அம்மா. ஈரப் புடவையோடு கிட்டே வந்து பாயின் கீழ் ஓரத்தைத் தடவித் தேடினார்.

“இங்க ‘மறைவு’ன்னு தேதி போட்டிருந்தாங்களே?”

“அளவுக்கு வெட்டுனப்ப போயிடுச்சும்மா,” என்றான் செந்தில்.

அவர் கொழுந்தனாரிடம் திரும்பினார். “பாத்தியா? இப்பதான் சரியா கீது.”

பாயை அவரிடமே கொடுத்துவிட்டு, துடுப்புப் போட்டுத் திரும்பினோம்.

கார் பார்க்கிங்கில் அந்த வெட்டிய துண்டு இன்னும் கிடக்கிறது. ‘மறைவு’, பக்கத்தில் ஒரு தேதி. பேரும் இல்லை, முகமும் இல்லை. குப்பையில் போடக் கை வரவில்லை. வைத்துக்கொள்ளவும் பயமாக இருக்கிறது.

ஆளில்லாத ஒரு சாவை எங்கே கொண்டுபோய் வைப்பது, சொல்லுங்கள்?