நாட்காட்டி திறக்கும் படிவம்

ஜூன் 3: அந்தமானில் எங்கள் ஊரான ரங்கத்தில் உள்ள கப்பல் முன்பதிவுக் கடையின் இணையதளத்தில், மனைவியின் சிகிச்சைக்காகச் சென்னைப் பயணம் பதிந்தேன். ஜூன் ஏழாம் தேதியை 7/6 என்று தட்டினேன். படிவம் அதை ஜூலை 6 என்று எடுத்துக்கொண்டது.
ஜூன் 7: துறைமுகத்தில் எங்கள் டிக்கெட் அன்றைக்குச் செல்லாது என்றார்கள். கப்பல் புறப்பட்டது.
ஜூன் 19: மனைவி இறந்தாள்.

அந்தப் படிவத்தை அமைத்தவர் கடையின் கணினி இயக்குநர். ஒல்லியான மனிதர், திரையை நம் பக்கம் திருப்பும்முன் சட்டை நுனியால் அதைத் துடைப்பார். கப்பல் போன அன்று தொலைபேசியில் அவரைக் கடுமையாக ஏசியிருந்தேன். மனைவி இறந்த பின் ஜூலை டிக்கெட்டை ரத்து செய்யப் போனபோது, வழக்கம்போல் திரையைத் துடைத்துத் திருப்பினார்.

“பாருங்க சார், இனிமே யாரும் தேதி டைப் பண்ண வேணாம். கட்டத்தைத் தொட்டா காலண்டர் திறக்கும்.”

“எப்ப செஞ்சீங்க?”

“நீங்க திட்டின அன்னைக்கே. தப்பு என்னோடதுதானே சார். மேடம் அடுத்த கப்பல்ல மெயின்லேண்ட் போயிட்டாங்களா?”

“இல்லை” என்று மட்டும் சொல்லி எழுந்துவிட்டேன். பழைய படிவத்தில், கட்டத்துக்குக் கீழேயே ‘மாதம் முதலில்’ என்று எழுதியிருந்தது. நான் படிக்கவில்லை.

செய்யாமல் விட்டவை:
அவர் பெயரைக் கேட்பது.
தவறு என்னுடையது என்று சொல்வது.
அதைச் சொன்ன பிறகே, அவள் இறந்ததைத் தெரிவிப்பது.