ஒரு பௌலருக்கு இரண்டு கட்டில்

எங்கள் கம்பெனிக்கு ஷார்ஜா தொழில்பேட்டையில் ஒரு கேம்ப், புஜைராவில் ஒரு கேம்ப். எவனுக்கு எந்தக் கேம்ப்பில் கட்டிலோ, அந்தக் கேம்ப் டீமில்தான் அவன் ஆட வேண்டும். எழுபதுகளில் எங்கள் வெள்ளிக்கிழமை கிரிக்கெட்டுக்கு இருந்த ஒரே சட்டம் அதுதான். ஆகவே ஓர் ஆட்டக்காரன் வேண்டுமென்றால் அவனைக் கட்டிலோடு வாங்க வேண்டும்.

ஷார்ஜா கேப்டன் எங்கள் ஃபோர்மேன். திருநெல்வேலிக்காரர், எல்லாருக்கும் அண்ணாச்சி. யாருக்கு எந்த சைட்டில் டூட்டி என்பதும் அவர் சொல்வதுதான். வருஷா வருஷம் ஃபைனலில் புஜைராவிடம் மண்ணைக் கவ்விக்கொண்டிருந்தார். காரணம் அங்கிருந்த ஒரு லாகூர் வெல்டர். அவர் பந்தோடு ஓடி வந்தாலே எங்கள் ஆட்கள் ஸ்டம்பை விட்டு விலகி நிற்பார்கள்.

நான் எலக்ட்ரீஷியன், புதுசு. சுமாராக மட்டை பிடிப்பேன். பக்கத்துக் கட்டில்காரன் நாகர்கோவில் பக்கம், பந்தைச் சுழற்றுவான். ஒரு நாள் மெஸ்ஸில் சாப்பிடும்போது அண்ணாச்சி எங்கள் எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"ஏலே, நாளையிலேர்ந்து ஒங்க ரெண்டு பேருக்கும் புஜைரால டூட்டி."

"எதுக்கு அண்ணாச்சி?"

"அந்த வெல்டர் இங்க வாராரு. சும்மா தருவானுவளா?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நாங்க என்ன ஆட்டுக்குட்டியா?" என்று கேட்டுவிட்டேன். அவர் கோபப்படவில்லை.

"இந்த வருஷத்தோட நான் கலாஸ்ல, முடிச்சிட்டுக் கெளம்புதேன். ஊருல போயி கடை போட்டு உக்காந்திருவேன். அதுக்குள்ள ஒரு தடவ அந்தக் கப்பத் தூக்கணும். நீ நல்லா வருவ, இல்லங்கல. ஆனா நீ தேறி வரும்போது நான் இங்க இருக்க மாட்டம்லா?"

கணக்கு என்னவோ சரிதான். மறுநாள் வெல்டரின் தகரப்பெட்டியை இறக்கிய பிக்கப்பிலேயே எங்கள் மெத்தைகளை ஏற்றினார்கள். வண்டி மலைப்பாதையில் குலுங்கிக்கொண்டே போனது. தப்புப் பண்ணிட்டேன் என்று இந்த மனுஷன் வாயால் ஒரு நாள் சொல்ல வைக்காமல் விடுவதில்லை என்று நினைத்துக்கொண்டேன். வேறு ஆசை எதுவும் அப்போது எனக்கு இல்லை.

அந்த வருஷம் அது நடக்கவில்லை. ஃபைனலில் வெல்டர் என் நடுக்குச்சியைப் பிடுங்கி எறிந்தார். என் கூட்டாளியின் பந்துகளை ஷார்ஜாக்காரர்கள் பொளந்து கட்டினார்கள். அண்ணாச்சி கப்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார். வாங்கியது லாபம், அதில் சந்தேகமே கிடையாது. வயிறெரிந்தாலும் கை தட்டினேன்.

அப்புறம் அவர் ஸ்டவ், கம்பளி எல்லாவற்றையும் ஆளுக்கொன்றாகக் கொடுத்துவிட்டு விமானம் ஏறினார். வெல்டரும் கான்ட்ராக்ட் முடிந்து லாகூருக்கே போய்விட்டார்.

சில மாதங்களில் அண்ணாச்சி ஷார்ஜாவில் பழைய ஃபோர்மேன் வேலைக்கே திரும்பி வந்து நின்றார். கடை சரிப்படவில்லையாம். யாரும் சிரிக்கவில்லை. கலாஸ் என்று சொல்லிப் போய்விட்டு வளைகுடாவுக்குத் திரும்பாதவர் எத்தனை பேர்? அந்த வார்த்தையை நம்பி அவர் ஒரு டீமையே மாற்றிக் கட்டியிருந்தார், அவ்வளவுதான். இப்போது வெல்டரும் இல்லை, நாங்களும் இல்லை.

அடுத்த ஃபைனல் ஷார்ஜா கேம்ப்பில். கடைசி வரை நான் அவுட் ஆகவில்லை. கூட்டாளியின் பந்து அன்று அவன் சொன்னபடியெல்லாம் கேட்டது. ஆட்டம் முடிந்ததும் அண்ணாச்சி வேர்வையோடு என்னிடம் வந்தார்.

"தப்புப் பண்ணிட்டேம்ல," என்றார். "திரும்பி வந்துரு. நீ இல்லாம முடியல."

இரண்டு வருஷமாக எதற்காக மட்டை பிடித்தேனோ அந்த வார்த்தை. நெஞ்சு நிறைந்துவிட்டது. பொய் சொல்ல மாட்டேன், அந்த நிமிஷமே மெத்தையைச் சுருட்டியிருப்பேன். சட்டம் ஞாபகம் வந்ததால் மட்டும் கேட்டேன்.

"எனக்குப் பதில் யாரக் குடுப்பீங்க?"

அவர் யோசிக்கவே இல்லை. தண்ணீர் டிரம் பக்கம் கையைக் காட்டினார். போன மாதம் ஊரிலிருந்து வந்த இரண்டு பையன்கள் அங்கே நின்று முகம் கழுவிக்கொண்டிருந்தார்கள்.

"அந்தா நிக்கானுவ பாரு. ரெண்டு பேரும் நல்லா வருவானுவ."

அண்ணாச்சி தங்களைக் காட்டிப் பேசுவதைப் பார்த்து, ஏதோ பாராட்டுகிறார் என்று நினைத்து, இரண்டு பேரும் சிரித்தார்கள்.

"வேண்டாம் அண்ணாச்சி," என்றேன். "அவங்க இங்கயே படுக்கட்டும்."