சீனாவுக்குச் சேர்த்த பவுன்

எங்கள் பக்கத்தில் வெளிநாடு போகிறவர்கள் எல்லோரும் சம்பாதிக்கத்தான் போவார்கள். பரங்கிப்பேட்டைக்காரர்கள் காலங்காலமாகப் போகிறார்கள். கடலூர் முதுநகரில் எங்கள் தெருவிலேயே சிங்கப்பூரில் இரண்டு பேர், குவைத்தில் ஒருவர். ஆள் போன வீட்டுக்கு முதலில் மாடி வரும், பிறகு டைல்ஸ் வரும். ஆகவே, சிதம்பரத்தில் ஒரு தனியார் பள்ளியில் கராத்தே டீச்சராக இருந்த நான், ஒரு வருஷம் சீனாவுக்குப் போய்க் குங்ஃபூ படிக்கப் போகிறேன் என்று 2004இல் வீட்டில் சொன்னபோது, அப்பா முதலில் கேட்டது சம்பளத்தைத்தான்.

"எவ்ளோ குடுப்பான்?"

"அவங்க குடுக்க மாட்டாங்கப்பா. நாமதான் குடுக்கணும்."

அப்பா சோற்றுத் தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டு அம்மாவைப் பார்த்தார். "கேட்டுக்கினியா? அவனவன் சம்பாதிக்க வெளிநாடு போறான். காசு குடுத்து ஒத வாங்கப் போறவ ஒம் பொண்ணு ஒருத்திதான்."

அம்மா சிரித்தாள், தம்பி சிரித்தான், நானும் சிரித்துத் தொலைத்தேன். அன்றோடு அது வீட்டில் ஒரு வேடிக்கைப் பேச்சாகிவிட்டது. நான் பஸ்ஸுக்குக் கிளம்பினால் "சீனாக்காரி கெளம்பிட்டா" என்பான் தம்பி. எதிர்த்துச் சண்டை போட்டிருந்தால் கூட நானும் பதிலுக்குப் போட்டிருப்பேன். கிண்டல் செய்கிறவர்களோடு யார் மல்லுக்கு நிற்பது?

எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. எட்டாம் வகுப்பிலிருந்து கராத்தே. மாவட்டப் போட்டியில் வாங்கிய கப்புகளில் அம்மா ஊதுபத்தி சொருகி வைத்திருந்தாள். கராத்தே எனக்குச் சோறு போட்டது, ஆனால் நான் மனசைக் கொடுத்தது வேறொன்றுக்கு. சிதம்பரம் மேல வீதிப் பக்கம் ஒரு பிரவுசிங் சென்டரில், மலையடிவாரத்துப் பள்ளி ஒன்றில் ஒரு சீனப் பெண் வாளோடு சுற்றிவரும் துண்டுப் படத்தைப் பார்த்தேன். அது ஓடியது ஒரு நிமிஷம்தான், அன்றைய இணைய வேகத்தில் அதைப் பார்த்து முடிக்க அரை மணி ஆனது. அவள் திரும்பும்போது இடுப்பு முதலில் திரும்பியது. தோள் அதற்குப் பின்னால் வந்தது, கை கடைசியில் வந்தது. நான் அதுவரை கையைத்தான் முதலில் வீசிக்கொண்டிருந்தேன்.

அதன் பிறகு சிடி வாங்கினேன். சுனாமிக்கு அப்புறம் கடற்கரைப் பக்கம் வீட்டில் யாரையும் விடவில்லை, அதனால் வாடகை வீட்டு மொட்டை மாடிதான் எனக்கு மைதானம். "தண்ணி டேங்க் கிட்ட குதிக்காதடி, விரிசல் வுட்டா யாரு கட்றது?" என்று வீட்டுக்காரம்மா கீழேயிருந்து கத்துவார். சிடியைப் பார்த்துப் பார்த்து ஒரு அசைவு வரிசை முழுக்க வந்துவிட்டது. வந்ததா இல்லையா என்பதுதான் தெரியவில்லை. என் முழங்கை இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறதா, ஒரு விரல் உயரமா, தாழ்வா என்று சொல்ல கடலூரிலும் ஆளில்லை, சிதம்பரத்திலும் ஆளில்லை. பாண்டிச்சேரி வரை விசாரித்தேன். அங்கே குங்ஃபூ என்று போர்டு வைத்திருந்தவர் எனக்குத் தெரிந்த அதே கராத்தேயைச் சட்டையை மாற்றிப் போட்டுக்கொண்டு நடத்திக்கொண்டிருந்தார். எனக்கு வேண்டியது பட்டமோ சான்றிதழோ இல்லை. தெரிந்த ஒருத்தர் என் முழங்கையைத் தொட்டு, இங்கே வை என்று சொன்னால் போதும். அதற்காகத்தான் ஒரு வருஷம். மூன்று மாசத்தில் அசைவுகள் வந்துவிடும், அவை உடம்பில் நிற்க வருஷமாகும் என்று அந்தப் பள்ளிக்காரர்களே தங்கள் இணையதளத்தில் எழுதியிருந்தார்கள்.

நான் அனுப்பிய மெயிலுக்கு நாலாம் நாள் பதில் வந்தது. எழுதியவருக்கு என்னைவிடக் கொஞ்சம்தான் ஆங்கிலம் கூட வரும், அதனால் எங்களுக்குள் நன்றாகவே ஒத்துப்போனது. பெண்களுக்குத் தனி அறை, அறைக்கு இரண்டு பேர். வாரத்தில் ஒரு நாள் லீவு. குளிர்காலத்தில் சாயங்காலம் மட்டும் வெந்நீர். தயிர் கிடைக்குமா என்று கேட்டேன். டவுனுக்குப் போனால் இனிப்பாகக் கிடைக்கும் என்றார். அம்மா வள்ளலாரைக் கும்பிடுகிறவள், தைப்பூசத்துக்கு வடலூர் போகாமல் இருக்க மாட்டாள், வீட்டில் முட்டை கூடக் கிடையாது. அதையும் எழுதினேன். கீரையும் முட்டைகோசும் தினமும் உண்டு, பயப்பட வேண்டாம் என்று பதில் வந்தது. எங்கள் வீட்டில் என் பயணத்தைப் பற்றி யாரும் கேட்காத கேள்விகளுக்கெல்லாம் அந்த முகம் தெரியாத மனிதர் பொறுமையாகப் பதில் சொன்னார்.

பிறகு கணக்கு. பள்ளிக்குக் கட்ட வேண்டியது டாலரில். விமான டிக்கெட், விசா, அங்கே போய் அதை நீட்டிக்கும் செலவு, கைச்செலவு, ஸ்வெட்டர். ஸ்வெட்டரை முதலிலேயே வாங்கிவிட்டேன், தீபாவளி சமயம் ரோட்டோரம் கடை போட்ட நேபாளிகளிடம். கடலூர் வெயிலில் அதை வருஷா வருஷம் துவைத்துக் காயப் போடுவதைப் பார்த்து வீட்டுக்காரம்மாவுக்கு என் மேல் ஒரு சந்தேகமே வந்துவிட்டது.

வாங்கும் சம்பளத்தில் அந்தத் தொகையைச் சேர்ப்பதை விட, சேர்த்ததைக் காப்பாற்றுவதுதான் பெரும்பாடு. அப்பாவுக்கு லாரி செட்டில் வேலை, தம்பி படித்துக்கொண்டிருந்தான். எங்கள் வீட்டில் ரொக்கம் வெயிலில் வைத்த ஐஸ். பேங்கில் போட்டால் பாஸ்புக் அப்பா கண்ணில் படும், பட்டால் தம்பிக்கு ஃபீஸ் கட்ட நாள் வந்துவிடும். நான் யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். கீழ வீதியில் ஒரு நகைக்கடையில் நகைச் சீட்டு சேர்ந்தேன். மாசாமாசம் நாம் கட்ட வேண்டும், கடைசி ஒரு தவணையைக் கடைக்காரர் போடுவார், வருஷம் முடிந்தால் அந்தத் தொகைக்குத் தங்கம். பணமாகத் தர மாட்டார்கள். ஒரு பெண் கட்டும் நகைச் சீட்டில் எந்த அப்பனும் கை வைக்க மாட்டான். வீட்டில் அரிசி இல்லாவிட்டாலும், "பாப்பா சீட்டுக் காசு, அத தொடாத" என்பாள் அம்மா. பள்ளிச் சம்பளம் போதாது என்று, ஞாயிற்றுக்கிழமைகளில் சிதம்பரத்தில் பேராசிரியர் வீட்டுப் பிள்ளைகளுக்கும் கராத்தே சொல்லிக்கொடுத்து, அந்தப் பணத்தையும் அதிலேயே கட்டினேன். தங்கமாக வாங்கி, போகும்போது விற்றுக்கொள்வது என் திட்டம். என்னை விடக் கெட்டிக்காரி கடலூர் மாவட்டத்தில் இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

முதல் சீட்டு முடிந்தபோது நாணயமாக வாங்கிவிட வேண்டும் என்றுதான் கடைக்குப் போனேன். நாணயத்துக்குக் கூலி, சேதாரம் குறைவு, விற்பதும் சுலபம். கூடவே அம்மா வந்தாள், அம்மாவோடு அத்தையும் வந்தாள்.

"காசா வாங்கி என்னாடி பண்ணுவ? கழுத்துல ஒட்டிக்கிட்டுப் போவியா?" என்றாள் அத்தை. கடைக்காரப் பையன் அதற்குள் செயின்களை விரித்துவிட்டான். அம்மா ஒன்றை எடுத்து என் கழுத்தில் வைத்துப் பார்த்தாள். அவள் முகத்தை அப்படி நான் அதற்கு முன் பார்த்ததில்லை. செயினையும்தான் விற்கலாம் என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டு வாங்கி வந்தேன். அடுத்த வருஷம் வளையல், அதற்கடுத்து ஆரம், அப்புறம் ஜிமிக்கியும் மோதிரமும். எல்லாம் அம்மாவின் பீரோவுக்குள் போனது, சாவி அம்மாவின் இடுப்பில்.

அந்த வருஷங்களில் தங்கம் ஏறிய ஏற்றம் எல்லோருக்கும் நினைவிருக்கும். ஊரே வயிற்றில் அடித்துக்கொண்டது, நான் மட்டும் உள்ளுக்குள் குதித்தேன். பவுன் விலை ஏற ஏற என் சீனா கிட்டே வந்தது. பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரின் பேப்பரில் எட்டி எட்டி விலையைப் பார்ப்பேன். 2009 தொடக்கத்தில் பதினெட்டு பவுன் இருந்தது. விற்றால் பள்ளிக்கும் போதும், டிக்கெட்டுக்கும் போதும். பாஸ்போர்ட் அதற்கு முன்பே எடுத்து வைத்திருந்தேன். அதற்காக விசாரிக்க வந்த போலீஸ்காரர் கூட, "எந்த நாட்டுல வேலைம்மா?" என்றுதான் கேட்டார். வருகிறேன் என்று மெயில் போட்டேன். வாருங்கள், அறை இருக்கிறது என்று பதில் வந்துவிட்டது.

அன்று சாயங்காலம் அம்மாவிடம் பீரோ சாவியைக் கேட்டேன்.

அம்மாவுக்குக் கோபம் வரவில்லை, அழுகைதான் வந்தது. "என் கல்யாணத்துல போட்ட நகை அத்தனையும் எரவல். மறுநாள் காலைல, மாமியார் வூட்ல முழிச்சிப் பாக்கறதுக்குள்ள கழட்டிக்கினு போயிட்டாங்க. வெறுங்கழுத்தோட எலை முன்னாடி ஒக்காந்தேன். என் பொண்ணு அப்படி ஒக்காரக்கூடாதுன்னு நான் பட்ட பாடு எனக்குத் தெரியும். யாராச்சும் நகைய வித்துக் குதிக்கப் போவாங்களா?"

"நான் சேத்ததும்மா அது."

"ஒன்னுதுதான். நான் இல்லன்னா சொன்னேன்? ஒன் கழுத்துலதான் போடப் போறேன்."

பூட்டை உடைக்க எனக்குத் தெரியும், பலகையைக் கையால் உடைத்துக் காட்டித்தான் சம்பளம் வாங்கினேன். ஆனால் அம்மாவைத் தள்ளிவிட்டுப் பீரோவைத் திறக்க எந்தக் கலையும் கற்றுத்தரவில்லை. அத்தை ஊரெல்லாம் சொல்லிவிட்டாள், நல்ல விதமாகத்தான். பொண்ணே சம்பாதித்துப் பதினெட்டு பவுன் சேர்த்திருக்கிறாள், அப்பனுக்கு ஒரு பைசா செலவில்லை, எவ்வளவு பொறுப்பு. குமராட்சிப் பக்கத்திலிருந்து ஒரு வரன் அந்தப் பொறுப்பைத் தேடிக்கொண்டு வந்தது. மாப்பிள்ளை சிதம்பரத்தில் மோட்டார் ரிப்பேர் கடையில் வேலை, தங்கமான குணம் என்றார்கள். அது உண்மையும்தான். அவரிடம் குறை சொல்ல இன்றுவரை எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

கல்யாண மண்டபத்தில் பெண்கள் வரிசையாக வந்து என் ஆரத்தைத் தூக்கிப் பார்த்தார்கள். எனக்கு அது ஆறு மாசப் படிப்பு. வளையல் போக வர டிக்கெட். எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டு தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தேன், கழுத்து வலித்தது. அடுத்த வருஷம் வருகிறேன் என்று சீனப் பள்ளிக்கு எழுதினேன். நல்வரவு என்றார்கள். அதற்கடுத்த வருஷம் நான் எழுதவில்லை. மகள் பிறந்தாள், பள்ளி வேலை போயிற்று, அசைவுகளும் ஒவ்வொன்றாக மறந்தன. சரியா தப்பா என்று தெரியாமலே மறந்தன, அதுதான் எனக்கு ஆறவில்லை.

2012இல் கணவருக்குச் சிங்கப்பூரில் வேலை இருப்பதாக ஏஜென்ட் ஒருவர் சொன்னார். முன்பணம் கட்ட வேண்டும். கணவர் தயங்கித் தயங்கித்தான் என் நகையைக் கேட்டார். நகையை அடகு வைக்கச் சம்மதமா என்று என் அம்மாவையும் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்றார் மாமியார். அம்மாவைக் கேட்டபோது நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இதுல கேக்கறதுக்கு என்னா இருக்கு மாப்ள? நகை எதுக்கு? இந்த மாதிரி நேரத்துக்குத்தான. தாராளமா எடுத்துக்குங்க," என்றாள் அம்மா. பீரோ ஒரே நிமிஷத்தில் திறந்தது போலத்தான் எனக்கு இருந்தது. அன்று அவளை வெறுத்தேன். அவள் எனக்கு ஒரு குறையும் வைக்காதவள் என்பதால் அந்த வெறுப்பை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்றும் தெரியவில்லை.

அவருக்குப் பெட்டி கட்டியது நான்தான். பாஸ்போர்ட்டை ஜெராக்ஸ் எடுத்து ஒன்றைப் பையிலும் ஒன்றைப் பெட்டியிலும் வைத்தேன். ஊறுகாய் பாட்டிலைக் கைப்பையிலிருந்து எடுத்துப் பெரிய பெட்டிக்கு மாற்றினேன். சட்டைப் பையில் ஒரு பேனா சொருகினேன். மீனம்பாக்கத்தில் அவர் உள்ளே போன பிறகு, நாங்கள் வெளியே கம்பி ஓரம் நின்றிருந்தோம். நானும் ஏர்போர்ட்டைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. உள்ளேயிருந்து போன் செய்தார், குரலில் பதட்டம்.

"என்னமோ ஃபாரம் குடுக்கறாங்க. எங்க போய் நிக்கறதுன்னே தெரியல."

"பெட்டிய போட்டு போர்டிங் பாஸ் வாங்கிட்டீங்கல்ல? இப்ப அந்த ஃபாரத்த நிரப்புங்க. பாஸ்போர்ட்ல இருக்கற மாதிரியே பேர எழுதுங்க. அத எடுத்துக்கிட்டு இமிக்ரேஷன்னு போட்ட வரிசைல நில்லுங்க. அதுக்கப்புறம்தான் பைய சோதனை பண்ணுவாங்க, பெல்ட்ட கழட்டச் சொல்வாங்க, பயப்படாதீங்க."

அவர் சிரித்தார். "இதெல்லாம் ஒனக்கு எப்படித் தெரியும்? பேசாம நீயே போயிருக்கலாம் போலருக்கே."

"பேனா சட்டைப் பைல இருக்குது, பாருங்க," என்றேன்.

போனை வைத்ததும் அழுகை வந்துவிட்டது. கம்பியைப் பிடித்துக்கொண்டு, எல்லோரும் திரும்பிப் பார்க்கும்படி அழுதேன். மாமியார் என் தலையைத் தோளில் சாய்த்துக்கொண்டார். "அழாதம்மா, வருஷம் ஓடுறது தெரியாது, வந்துருவான்," என்று முதுகைத் தடவினார். பக்கத்தில் நின்ற யாரோ ஒரு அம்மா, புருஷன் மேல் எவ்வளவு பாசம் பார் என்று தன் மகளிடம் காட்டினார். பாதி அவருக்காகவும்தான் அழுதேன்.