ஈர்க்குக் கணக்கு

கழக்கூட்டம் ஐ.டி. பூங்காவில் நான் பார்க்கும் உத்தியோகம் என்னவென்று என் அம்மாவுக்கு இன்றுவரை விளக்க முடிந்ததில்லை. மென்பொருள் எழுதுகிறவர்கள் வேறே. அது எப்போது முடியும் என்று அவர்களிடம் கேட்பவன் நான். அவர்கள் சொன்ன பதிலைக் கொஞ்சம் மெருகேற்றி, என்னைக் கேட்பவர்களிடம் சொல்பவனும் நானே. "இதுக்கா உனக்குச் சம்பளம் தரா?" என்று அம்மா ஒரு தடவை கேட்டாள். நியாயமான கேள்வி.

வாராவாரம் திங்கட்கிழமைக் கூட்டத்தில், "எவ்வளவு ஆச்சு, எப்ப முடியும்?" என்று கணினித் திரையிலிருந்து ஒரு குரல் கேட்கும். உடனே என் உள்ளங்கை நனைந்துவிடும். காதுமடல் சூடாகும். தலையில் பாதி முடி போனவன், கீழே இருபது பேரை வைத்து மேய்ப்பவன், மேஜைக்கு அடியில் கால்கட்டை விரலைச் சுருட்டிக்கொண்டு, "கிட்டத்தட்ட முடிஞ்ச மாதிரிதான்" என்று கம்பீரமாகச் சொல்வேன். இந்த நடுக்கம் ஏதோ கம்ப்யூட்டர் தொழிலில் தொற்றிக்கொண்ட வியாதி என்று என் மனைவி நினைக்கிறாள். இல்லை. ஐந்தாம் வகுப்பு முடித்த கோடை விடுமுறையில், கோட்டைக்குள் இருந்த எங்கள் வீட்டுக் கொல்லையில், சக்கவரட்டி கிண்டிய ஒரு ஞாயிற்றுக்கிழமையில் பிடித்தது அது.

பலாப்பழத்துக்கு, மலையாளம் கலந்த எங்கள் ஊரில் சக்கை என்று பெயர். பழுத்த சுளையை வேகவைத்து மசித்து, வெல்லமும் நெய்யும் சேர்த்து, வெண்கல உருளியில் கை ஒடியக் கிண்டிக்கொண்டே இருந்தால் கடைசியில் கறுத்துத் திரண்டு வருவது சக்கவரட்டி. ஒரு வருஷமானாலும் கெடாது. அதில் ஒரே ஒரு சங்கடம், எப்போது ஆகும் என்று யாராலும் சொல்ல முடியாது. துடுப்புப் பிடித்திருக்கும் யாரைக் கேட்டாலும், எந்த நேரத்தில் கேட்டாலும், பதில் ஒன்றுதான்: "ஆச்சு, இன்னும் கொஞ்சம்தான்."

அந்த வருஷம் துடுப்புப் பிடித்திருந்தவள் என் அத்தை. அப்பாவின் தங்கை. கல்யாணமாகி இரண்டு வருஷமாக மெட்ராஸில் இருந்தவள், சித்திரை பிறந்ததும் வந்திருந்தாள். வந்த நாளிலிருந்து பெரும்பாலும் தூங்கினாள். பட்டப்பகலில், கூடத்தில், நாங்கள் காலடியில் கோலி விளையாடினாலும் தூங்கினாள். "சத்தம் போடாதேங்கோடா, அவ தூங்கட்டும்" என்று அம்மா எங்களைத் தெருவுக்கு விரட்டுவாள். மெட்ராஸில் படுக்க இடமில்லை போலிருக்கிறது, பெரிய ஊர், ஜன நெருக்கடி என்று எனக்கு நானே விளக்கம் சொல்லிக்கொண்டேன்.

அவளை அழைத்துப் போக அத்தையின் கணவர் சனிக்கிழமை வந்து இறங்கினார். எங்கள் பேச்சில் அத்திம்பேர். கையில் ஒரு காலி பிஸ்கட் டப்பா, பெரியது, மூடியில் ஒரு வெள்ளைக்காரக் குழந்தை. "எங்கம்மா சக்கவரட்டி கேட்டிருக்கா. இது நிறையாம போனா உள்ளே விடமாட்டா, கேட்டேளா" என்று சொல்லிச் சிரித்தார். வேறு யாரும் சிரித்ததாக ஞாபகம் இல்லை. பிறகு என்னைப் பார்த்து, "டேய், நீயும் வரியா? பத்து நாள் இருந்துட்டு வா. கடலெல்லாம் காட்டறேன்" என்றார். எங்கள் ஊரிலும் கடல் இருந்தது, சங்குமுகத்தில். ஆனால் மெட்ராஸ் கடல் வேறு. நான் அதுவரை தெற்கே நாகர்கோவிலையும் வடக்கே கொல்லத்தையும் தாண்டாதவன். பத்தே நிமிஷத்தில் தெரு முழுக்கச் சொல்லிவிட்டேன். எதிர்வீட்டுப் பையன், போய்வரும்போது கிளிஞ்சல் வேண்டும் என்றான். மெட்ராஸ் கிளிஞ்சல்.

மறுநாள் மத்தியானம் தம்பானூர் ஸ்டேஷனிலிருந்து மெட்ராஸ் மெயில். திங்கட்கிழமை அத்திம்பேர் ஆபீசில் இருந்தாக வேண்டும். ஆக, ரயிலுக்குள் வரட்டி ஆனால் மெட்ராஸ். ஆகாவிட்டால் கோலி. என் பத்து வயது வாழ்க்கையில் அதற்கு முன்னால் இவ்வளவு பெரிய பொறுப்பு வந்ததில்லை. யாரும் கொடுக்கவில்லை என்பது வேறு விஷயம். நானே எடுத்துக்கொண்டேன்.

காலையில் அடுப்பு மூட்டியதுமே தென்னை ஈர்க்கு ஒன்றை உரித்துக் கழுவிக்கொண்டு போய் உட்கார்ந்தேன். அதை உருளியில் செங்குத்தாக நிறுத்தி எடுத்தால் எதுவரை நனைந்திருக்கிறதோ அங்கே நகத்தால் ஒரு கீறல். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி. தொட்டியில் குழாய்த் தண்ணீர் கணக்கெல்லாம் பள்ளிக்கூடத்தில் அப்போதுதான் கற்றுக்கொடுத்திருந்தார்கள். தொட்டி காலியாகும் நேரம் தெரியும்போது உருளி வற்றும் நேரம் தெரியாதா? முதல் இரண்டு கீறலுக்குள் கூழ் மளமளவென்று இறங்கியது. கணக்குப் போட்டேன். சாப்பாட்டு வேளைக்கு முன்னால் முடிந்துவிடும்!

முன்கூடத்துக்கு ஓடினேன். அத்திம்பேர் அப்போதே பான்ட்டும் பெல்ட்டும் போட்டு, கைக்கடிகாரத்தைத் திருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "பாதி ஆயிடுத்து அத்திம்பேர்!" என்று ஈர்க்கைக் காட்டினேன்.

"பலே எஞ்சினீயர்! உங்க அத்தையைவிட நீ தேவலை. அவளைக் கேட்டா வாயே திறக்க மாட்டேங்கறா."

அந்தப் பாராட்டில் நெஞ்சு விம்மியதை இப்போது நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது. இதே நெஞ்சுதான் இப்போதும் திங்கட்கிழமைகளில் விம்முகிறது.

திரும்பி வந்து அடுத்த கீறல் போட ஈர்க்கை விட்டேன். பழைய இடத்திலேயே நின்றது. சற்றுப் பொறுத்து மறுபடி விட்டேன். அதே இடம். தண்ணீர் வற்றுகிற காலம் போய், கூழ் கெட்டிப்படுகிற காலம் வந்துவிட்டது என்பது தொட்டிக் கணக்கில் இல்லை. வேர்த்தது. ஈர்க்கை மாற்றினேன். உருளியின் மறுபக்கத்தில் விட்டுப் பார்த்தேன். குப்பென்று ஒரு துளி தெறித்து மணிக்கட்டைச் சுட்டது.

"தள்ளி நில்லுடா பிராந்தா, பைத்தியக்காரா" என்றாள் அத்தை. "நீ எட்டி எட்டிப் பாத்தா சீக்கிரம் ஆயிடுமா?"

"எப்ப அத்தை ஆகும்?"

"ஆச்சு, இன்னும் கொஞ்சம்தான்."

அவள் முகத்தில் அவசரமே இல்லை. வந்ததிலிருந்து அன்றுதான் அவள் முழுக்க விழித்திருந்தாள் என்று தோன்றுகிறது. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, கோவிலைச் சுற்றுகிற மாதிரி நிதானமாகத் துடுப்பைச் சுற்றினாள்.

அப்போதுதான் கவனித்தேன், அடுப்பு அணைகிற மாதிரி இருந்தது. கட்டைகள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. உள்ளே தள்ளிவிட்டேன். மறுபக்கம் போய்த் திரும்பினால் மறுபடி வெளியே. மறுபடி தள்ளினேன். மறுபடி வெளியே. கட்டைக்குக் கால் முளைத்ததா என்று நான் முழித்தபோது, அத்தை காலால் ஒன்றை மெல்ல நகர்த்திக்கொண்டிருந்தாள்.

"விறகு ஈரம்டா. ரொம்பத் தள்ளினா புகையும்."

இரண்டு வாரமாக ஒரு பொட்டு மழை இல்லை. நேராக அப்பாவிடம் ஓடினேன். அப்பா செகரட்டேரியட்டில் வேலை பார்த்தவர். ஒரு காகிதம் ஏன் நகரவில்லை என்பதற்கு மலையாளத்திலும் இங்கிலீஷிலும் காரணம் எழுதக் கூடியவர். "அப்பா, விறகு ஈரமாம்! வேற விறகு வாங்கிண்டு வாங்கோ!"

அப்பா பத்திரிகையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ஈரம்தான். நானே தொட்டுப் பாத்தேன்."

காலையிலிருந்து அவர் கொல்லைப் பக்கமே வரவில்லையே என்று ஒரு கணம் தோன்றியது. பெரியவர்கள் எப்போதாவது வந்து தொட்டிருப்பார்கள் என்று விட்டுவிட்டேன். அதைவிடப் பெரிய இடி கொல்லையில் காத்திருந்தது.

அம்மா ஒரு பெரிய அடுக்கு நிறைய மசித்த சுளையோடு நின்றுகொண்டிருந்தாள். புதிது. அதுவும் வழிய வழிய.

"அம்மா! என்ன பண்றே!"

"டப்பா பெரிசுடா. இவ்வளவுதான் கிண்டினா அரை டப்பாகூட வராது. அவா அம்மா குறைப்படுவா. நிறையக் கொண்டுபோகட்டும்."

"மன்னி, முழுக்க போடுங்கோ" என்றாள் அத்தை.

முழுக்கப் போட்டார்கள். ஈர்க்கை விட்டேன். முதல் கீறலுக்கும் மேலே நனைந்து வந்தது. காலையில் தொடங்கியதைவிட வேலை அதிகமாகிவிட்டது! உத்தியோகத்தில் இதற்கெல்லாம் அழகான பெயர்கள் இருக்கின்றன. அன்றைக்கு அதில் ஒன்றுகூட எனக்குத் தெரியாது. கிணற்றடியில் போய்க் குந்தினேன். நிமிர்ந்தேன். மறுபடி குந்தினேன். தெருவில் எதிர்வீட்டுப் பையன் கிளிஞ்சலின் அளவைப் பற்றி யாரிடமோ பேசிக்கொண்டிருப்பது காதில் விழுந்தது.

"எஞ்சினீயர்!" என்று முன்கூடத்திலிருந்து குரல். "எவ்வளவு ஆச்சு?"

"கிட்டத்தட்ட... முடிஞ்ச மாதிரிதான்" என்றேன். இந்த வாக்கியத்தை நான் முதன்முதலாக உபயோகித்த இடம் அதுதான்.

நம்பிக்கொண்டு அவரே கொல்லை வாசலுக்கு வந்தார். உருளியைப் பார்த்தார். அது பாயசம் மாதிரி தளதளத்துக்கொண்டிருந்தது.

"இதுவா முடிஞ்சது? காலம்பறலேர்ந்து என்ன கிழிச்சிண்டிருக்கே?" என்றார். என்னையல்ல, அத்தையை. குரலை உயர்த்தவில்லை. பல்லுக்கு நடுவில் சொன்னார். அத்தையின் துடுப்பு ஒரு கணம் நின்றது. அம்மா நடந்து வந்து அவளுக்கும் அவருக்கும் நடுவில் நின்று, உருளியில் ஒரு கரண்டி நெய் விட்டாள். பிறகும் நகரவில்லை.

"ஏன்னா, பாதியில எடுத்தா ஒரு வாரத்துல புளிச்சுடும்" என்றாள் அத்தை. "அம்மாவுக்குப் புளிச்சதையா கொண்டுபோறது?"

அவர் அம்மாவின் பெயரைச் சொன்னால் அவரால் பதில் பேச முடியாது. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே போய்விட்டார்.

வெயில் கிணற்றைத் தாண்டிப் போனபோது வாசலில் ஆட்டோ சத்தம். அப்பா பழவங்காடி முக்கிலிருந்து அழைத்து வந்திருந்தார். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. அத்திம்பேர், அத்தை, நான், ஒரு டிரங்குப் பெட்டி, இரண்டு பை, ஒரு டப்பா. காரல்லவா கூப்பிட வேண்டும்? கணக்கே தெரியாத குடும்பம்!

"நீங்க கிளம்புங்கோ மாப்பிள்ளை, ரயில் நிக்காது" என்றார் அப்பா. "வரட்டி ஆனதும் நானே அவளைக் கொண்டுவந்து விடறேன்."

"எப்ப ஆகும்?"

"ஆயிடும்."

"சாரே, போகாம்?" என்று ஆட்டோக்காரர் அவசரப்படுத்தினார். அத்திம்பேர் கூடத்தைப் பார்த்தார். அத்தை வெளியே வரவில்லை. வர முடியாது, கிண்டுவதை நிறுத்தினால் அடிபிடித்துவிடும் என்றாள் அம்மா. அவர் காலி டப்பாவை எடுத்துக்கொண்டு ஏறினார். வெள்ளைக்காரக் குழந்தை ஆட்டோவுக்குள்ளிருந்து என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே தெருமுனை திரும்பியது.

நான் வாசற்படியில் உட்கார்ந்து அழுத அழுகையைப் பற்றி எதிர்வீட்டுப் பையன் இன்றும் கல்யாண வீடுகளில் பேசுகிறான். அழுது தீர்ந்ததும் யாரையாவது குற்றம் சொல்லக் கொல்லைக்குப் போனேன்.

அடுப்பு கொழுந்துவிட்டு எரிந்துகொண்டிருந்தது. அதே கட்டைகள். ஆழ உள்ளே தள்ளி, சடசடவென்று. அத்தை கிண்டிய வேகத்தில் வளையல்கள் முழங்கைக்கு ஏறியிருந்தன. அம்மாவும் ஒரு துடுப்பை எடுத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் நின்றிருந்தாள். ரயில் வர்க்கலை ஸ்டேஷனைக்கூடத் தாண்டியிருக்காது, வரட்டி கறுத்துத் திரண்டு, உருளியை விட்டுச் சுருண்டு வந்துவிட்டது.

"இப்போ ஆயிடுத்தே!" என்று கத்தினேன். "இவ்வளவு சீக்கிரமா ஆயிடுத்தே! கொஞ்சம் முன்னாடி இப்படி எரிஞ்சிருந்தா நாம எல்லாரும் போயிருக்கலாமே!"

அம்மாவும் அத்தையும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு சிரித்தார்கள். அத்தை உருளியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்க, உட்கார்ந்து சிரித்தாள். என் நிலைமையைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்று எனக்கு ரோஷம் வந்தது. அத்தை அடியில் ஒட்டியதைச் சுரண்டி ஒரு உருண்டை என் வாயில் அடைத்து, "விறகு இப்பத்தான் காஞ்சுது, கேட்டியோ" என்றாள். நியாயமாகத்தான் பட்டது. அடுப்புக்குப் பக்கத்திலேயே இருந்தால் காயத்தானே செய்யும்.

வரட்டியைப் பரணியில், பெரிய பீங்கான் ஜாடியில், எடுத்து வைத்தார்கள். அத்தையின் டிரங்குப் பெட்டி ஒரு வாரம் கூடத்தில் இருந்தது, அப்புறம் பரண்மேல் ஏறியது. ஜூனில் பள்ளிக்கூடம் திறந்த அன்று அத்தையும் கிழக்கேக்கோட்டையில் டைப்ரைட்டிங் வகுப்புக்குப் போக ஆரம்பித்தாள். மெட்ராஸிலிருந்து கடிதம் வந்தால் அப்பா ஆபீஸ் பாணியில் பதில் எழுதுவார். "அத்தை எப்ப மெட்ராஸ் போவா?" என்று அம்மாவை நச்சரித்தேன். நானும் கூடப் போகலாமே!

"பரணி தீரட்டும், பாக்கலாம்" என்றாள் அம்மா.

அப்படிச் சொன்னால் போதாதா எனக்கு? ஈர்க்கைக் கையில் எடுத்தேன். வாராவாரம் பரணிக்குள் விட்டுக் கீறல் போட்டேன். வேலையைத் துரிதப்படுத்த நானே களத்தில் இறங்கினேன். தோசைக்கு வரட்டி, சாதத்துக்கு வரட்டி, ஒன்றுமில்லாமலும் வரட்டி. ஓணத்துக்குள் பாதி இறங்கிவிட்டது. வயிறு இரண்டு தடவை மக்கர் பண்ணியது. விடவில்லை. அத்தை பக்கத்தில் உட்கார்ந்து, தானும் ஒரு விரல் தொட்டு நக்கிக்கொண்டு, "எவ்வளவு ஆச்சுடா எஞ்சினீயர்?" என்று கேட்பாள். அவள் வாயில் அந்தப் பெயர் வேறு மாதிரி இருக்கும்.

மறு வருஷம் வெயில் காலத்தில் ஈர்க்கின் நுனி பரணியின் அடியைத் தட்டியது. மெட்ராஸ் கண்ணெதிரே தெரிந்தது. எதிர்வீட்டுப் பையனிடம் கிளிஞ்சலைப் பற்றி மறுபடி பேச்சு எடுத்தேன்.

அந்த வாரமே கொல்லையில் சக்கை பழுத்தது. அம்மாவும் அத்தையும் பேசிச் சிரித்துக்கொண்டே அடுப்பு மூட்டினார்கள். பொழுது சாய்வதற்குள் பரணி கழுத்துவரை நிறைந்துவிட்டது. ஒரு வேலையை முடிக்க ஒருவன் ஒரு வருஷமாக உயிரைக் கொடுத்துத் தின்றுகொண்டிருக்கிறான், இவர்களுக்கு அது புரியவே இல்லையே என்று நொந்துகொண்டு, தென்னை மரத்தடிக்குப் போய்ப் புதிதாக ஓர் ஈர்க்கு, போன வருஷத்ததைவிடக் கொஞ்சம் நீளமாகப் பார்த்து, உரித்துக்கொண்டு வந்தேன்.